மற்ற ஐந்து வரிகள்

அலுவலகத்தில் அவளுக்கு 'ரெண்டு ஸ்பேஸ் அக்கா' என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. அவர்கள் எழுதுகிற செட்டிங் ஃபைல்களில், ஒரு தலைப்புக்குக் கீழே வரும் வரிகளைச் சரியாக இரண்டு இடம் உள்ளே தள்ளி எழுத வேண்டும். ஒன்று கூடினாலும் ஒன்று குறைந்தாலும் கம்ப்யூட்டர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "ரெண்டு ஸ்பேஸ்ப்பா, ரெண்டே ரெண்டு" என்று பதினாறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அந்தப் பெயரை அவளே சம்பாதித்துக்கொண்டாள். ஆள் அவ்வளவு கறார். அவள் கை பட்ட ஃபைலில் தப்பு இருக்காது என்று மற்றவர்கள் நம்பினார்கள். அவளும் நம்பினாள். வினையே அங்கேதான் இருந்தது.

அது ஒரு பெரிய ஆஸ்பத்திரி. கீழ்த்தளத்தில், சலவை அறைக்கும் உடைந்த கட்டில்களைப் போட்டுவைத்த அறைக்கும் நடுவில் இவர்கள் அறை. ஜன்னல் கிடையாது. மேலே பதினான்கு வார்டுகள், வார்டுக்கு வார்டு கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஆள் போய் உட்கார்ந்து, இதை இப்படி வை, அதை அப்படி வை என்று சொல்லிக்கொண்டிருந்தால் ஆயுசு போதாது. அதனால் எல்லா வார்டுக்கும் பொருந்துகிற விஷயங்களை ஒரு பொது ஃபைலில் எழுதிவிடுவார்கள். ஏதோ ஒரு வார்டுக்கு மட்டும் ஏதோ ஒன்று வேறு மாதிரி வேண்டுமென்றால், அந்த வார்டின் பெயரில் ஒரு சின்ன ஃபைல் வைத்து, மாறுவதை மட்டும் அதில் எழுதுவார்கள். இரண்டையும் படித்து, ஒன்றாக்கி, அந்தந்தக் கம்ப்யூட்டரில் கொண்டுபோய் வைக்க ஒரு மென்பொருள் இருந்தது. எல்லா இடத்துக்கும் போய் எல்லாவற்றையும் செய்து முடிப்பதால் அதற்கு 'மேஸ்திரி' என்று செல்லப்பெயர்.

பொது ஃபைலில் 'அலாரம்' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே ஆறு வரிகள். சத்தம் எவ்வளவு இருக்க வேண்டும், அடித்தபின் எத்தனை நொடி பார்க்க வேண்டும், அதற்குள் யாரும் வராவிட்டால் சிஸ்டரின் இடுப்பில் இருக்கும் போனுக்கு எந்த எண்ணில் அடிக்க வேண்டும், அதற்கும் பதில் இல்லையென்றால் எந்த டாக்டரைக் கூப்பிட வேண்டும், இப்படி. நோயாளியின் மார்பில் ஒட்டியிருக்கும் ஒயர் ஆபத்து என்று சொன்ன நொடியிலிருந்து என்னென்ன நடக்க வேண்டுமோ அத்தனையும் அந்த ஆறு வரிக்குள் அடக்கம்.

ஒருநாள் காலை நாலாம் வார்டு சிஸ்டர் கீழே இறங்கி வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். அந்த ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் நின்ற கால்கள். வாய் மட்டும் உட்காரவே உட்காராது.

"ஏம்மா, இந்த ரூமுக்குக் காத்தே வராதா? உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்களா உங்களை?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சத்தத்துக்குப் பொறுப்பு யாரு, நீயா? என் வார்டு அலாரம் இருக்கு பாரு, அது அடிச்சா செத்தவன் எழுந்து உக்காருவான். தூங்குற பெருசுங்க எல்லாம் பதறுது. ஒரு பாட்டிக்கு அலாரம் சத்தத்துலயே பிரஷர் ஏறி, அதுக்கு ஒரு அலாரம் அடிக்குது. கொஞ்சம் குறைச்சு வையேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "குறைச்சா உங்களுக்குக் கேக்குமா சிஸ்டர்?"

"எனக்குப் பாம்புக் காது. அப்படியே கேக்கலைன்னாலும் இது இருக்கே" என்று இடுப்பில் செருகியிருந்த போனைத் தட்டிக் காட்டினார் சிஸ்டர். "ஒரு நிமிஷத்துல இது கத்திடும்." பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்ட தாளையும் நீட்டினார். எதையும் முறையாகச் செய்கிற மனுஷி.

நாலாம் வார்டு ஃபைலைத் திறந்து, 'அலாரம்' என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே இரண்டு இடம் தள்ளி, சத்தம் ஐந்து என்று ஒரே ஒரு வரி எழுதினாள். அனுப்புவதற்கு முன்னால், என்னென்ன மாறப்போகிறது என்று மேஸ்திரி திரையில் காட்டும். முதலில், சத்தம் ஒன்பதிலிருந்து ஐந்தாகிறது என்று வந்தது. அதற்குக் கீழேயும் சில வரிகள் இருந்தன. திரையைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து தன் மருமகனின் மோட்டார் சைக்கிள் மோகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சிரித்துக்கொண்டே பொத்தானைத் தட்டினாள். வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. "நல்லா இரும்மா" என்று அவள் தோளைத் தட்டிவிட்டு சிஸ்டர் மாடியேறிப் போனார்.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம், நாலாம் வார்டு ஏழாம் படுக்கையில் இருந்தவரின் இதயம் தடுமாறியது. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகச் சட்டை எடுத்து வருகிறேன் என்று மனைவி கிளம்பிப் போயிருந்தார். இன்னொரு நர்ஸ் ஒரு நோயாளியை எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தாள். சிஸ்டர் வார்டின் கோடியில் இருந்த தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, ஒரு பெண்ணின் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அலாரம் அடித்தது. ஐந்து என்கிற அளவில்தான் அடித்தது. சாத்திய கதவைத் தாண்டி அது உள்ளே போகவில்லை. பன்னிரண்டு நிமிடம் கழித்து சிஸ்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது ஏழாம் படுக்கையில் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

சிஸ்டரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விசாரணைக் குழு உட்கார்ந்தது. முதல் நாள் சிஸ்டர், "போன் அடிக்கலைங்க" என்றார். போனைச் சோதித்தார்கள், அதில் கோளாறு இல்லை. அந்த வகைப் போனில் பழைய அழைப்புகள் தங்காது. வார்டு கம்ப்யூட்டரோ ஒரு வாரத்துப் பதிவுகளைத்தான் வைத்திருக்கும். அதைக் கேட்க வேண்டும் என்று குழுவுக்குத் தோன்றியபோது ஒரு வாரம் தாண்டிவிட்டது. கீழ்த்தளத்துக்கு ஒரு கடிதம் வந்தது: அலாரம் அமைப்பு சரியாக இயங்கியதா? அவளுடைய மேலாளர், எதற்கெடுத்தாலும் "பாத்துக்கலாம்" என்று சொல்லுவதால் 'பாத்துக்கலாம் சார்' என்றே பேர் வாங்கியவர், உரிய முறையில் இயங்கியது என்று எழுதி அனுப்பினார். கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன, பச்சை விளக்கு காட்டின. அவர் வேறு எதைப் பார்ப்பார்?

அதற்குப் பிறகு சிஸ்டர் எதிர்த்துப் பேசவில்லையாம். "நான்தான் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். எனக்குத்தான் கேக்கல போலிருக்கு" என்று சொல்லிவிட்டாராம். இதைக் கேள்விப்பட்டபோது அவளுக்கு மனசு கஷ்டமாக இருந்தது. பாவம் என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டாள். தன் பக்கம் ஏதாவது இருக்குமோ என்ற எண்ணம் அவளுக்கு வரவே இல்லை. ரெண்டு ஸ்பேஸ் அக்காவுக்கு எப்படி வரும்?

ஒரு மாதம் ஆனது. பதினைந்தாவதாக ஒரு வார்டு புதிதாகத் திறக்கப் போகிறார்கள் என்று, எல்லா வார்டுகளிலும் கடைசியில் போய் உட்கார்ந்திருக்கும் செட்டிங் என்னென்ன என்று ஒரு முழுப் பட்டியல் எடுத்தாள். அச்சடித்த தாள்களைப் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வந்தாள். ஒன்றாம் வார்டு, அலாரம், ஆறு வரி. இரண்டு, ஆறு வரி. மூன்று, ஆறு. நாலாம் வார்டு. அலாரம். சத்தம் ஐந்து. அதற்கு அடுத்து வேறு தலைப்பு.

பிரின்டர் தின்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். இன்னொரு தாள் எடுத்தாள். அதிலும் ஒரே வரி. நாலாம் வார்டு கம்ப்யூட்டருக்குள்ளேயே போய்ப் பார்த்தாள். போன் எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. டாக்டர் எண் இருக்க வேண்டிய இடமும் காலி. எண் இல்லையென்றால் யாரையும் கூப்பிட வேண்டாம் போலிருக்கிறது என்று அந்தக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டிருந்தது. மனுஷனாக இருந்தால் "என்னப்பா, யாரைக் கூப்பிடறதுன்னு சொல்லவே இல்லையே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான். அதற்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ஏன் என்று தேட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பொது ஃபைலிலும் வார்டு ஃபைலிலும் ஒரே தலைப்பு இருந்தால் மேஸ்திரி இரண்டு விதமாக நடந்துகொள்ளும். 'சேர்' என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தால், தலைப்புக்குள் புகுந்து மாறிய வரியை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே விட்டுவிடும். சொல்லாவிட்டால் பொது ஃபைலில் உள்ள தலைப்பை அதன் பிள்ளைகுட்டிகளோடு வெளியே தள்ளிவிட்டு, வார்டு ஃபைலில் இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளும். பழைய கம்ப்யூட்டரில் 'சேர்' என்ற அந்த ஒற்றை வரி பல வருஷமாக இருந்தது. அதை நம்பித்தான் எல்லோரும் மாறுவதை மட்டும் எழுதப் பழகியிருந்தார்கள். அந்த வருஷத் தொடக்கத்தில் மேஸ்திரியைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது அந்த வரி கூட வரவில்லை. மாற்றிய மூன்று பேரில் அவளும் ஒருத்தி. என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று பட்டியல் போட்டதே அவள்தான்.

அன்றைக்கு அவள் திரையைக் கீழே நகர்த்தியிருந்தால், ஐந்து வரிகள் அழியப்போகின்றன என்று மேஸ்திரி சிவப்பு எழுத்தில் சொல்லியிருப்பது தெரிந்திருக்கும். அது மறைக்கவில்லை. அவள்தான் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் சரிசெய்தாள். நாலாம் வார்டுக்கு ஆறு வரியும் திரும்ப வந்தது. புதுக் கம்ப்யூட்டர் வந்தபின் வேறு எந்த வார்டுக்கும் எதையும் மாற்றி அனுப்பவில்லை, அதனால் மற்ற வார்டுகளில் ஒன்றும் போகவில்லை என்று இரண்டு முறை பார்த்தாள். வேலை சுத்தமாக இருந்தது. பிறகு பாத்துக்கலாம் சாரின் அறைக்குப் போய்த் தாள்களை மேசைமேல் வைத்துச் சொன்னாள்.

அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். கெட்டவர் இல்லை. பயந்த மனுஷர். "இப்ப சரி பண்ணியாச்சா?"

"ஆச்சு சார். ஆனா அந்த சிஸ்டர்…"

"சரி பண்ணியாச்சில்ல? அதான் முக்கியம். நான் எழுதிக் குடுத்த லெட்டர் வேற இருக்கு. மேல சொல்லணும், வக்கீல்கிட்ட கேக்கணும். நீங்க யாருகிட்டயும் வாயைத் திறக்காதீங்கம்மா. நான் பாத்துக்கறேன்."

அவள் சரி என்று தலையாட்டினாள். அப்போது அவளுக்கு வந்தது நிம்மதி. அதை இங்கே சொல்லாமல் பூசி மெழுகினால் கதையே பொய்யாகிவிடும். யாரோ ஒருவர் வாயைத் திறக்காதே என்று கட்டளை போட்டது அவளுக்கு வசதியாக இருந்தது.

நாலாவது நாள் கணவன் கேட்டான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் விடாமல் கூட்டிக் கழித்துப் பார்க்கிறவன். "என்ன ஆச்சு உனக்கு? பேயறைஞ்ச மாதிரி இருக்க. தட்டுல போட்டதை அப்படியே கொண்டுபோய்க் கழுவற."

அவள் சமையலறை ஃபிரிட்ஜ் கதவைக் காட்டினாள். அதில் கடைக்குப் போவதற்கான சீட்டு ஒட்டியிருந்தது. "காய்னு தலைப்புப் போட்டு நான் ஆறு காய் எழுதி ஒட்டி வெச்சிருக்கேன்னு வைங்க. பாப்பா வந்து இன்னொரு சீட்டு எடுத்து, காய்னு தலைப்புப் போட்டு, தக்காளி மட்டும் அரைக் கிலோ போதும்னு எழுதி மேல ஒட்டறா. நீங்க கடைக்குப் போனா என்ன வாங்குவீங்க?"

"மத்த அஞ்சும் வாங்குவேன், தக்காளியை அரைக் கிலோ வாங்குவேன். இது என்ன கேள்வி?"

"அது தக்காளியை மட்டும் வாங்கிட்டு வந்துடுச்சுங்க. அதனால ஒருத்தர் செத்துட்டார்."

பக்கத்து அறையில் எட்டாம் வகுப்புப் படிக்கிற மகள் ஏதோ சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அவன் கதவைச் சாத்திவிட்டு வந்து, முழுவதையும் கேட்டான். கேட்டு முடித்து, "உனக்கு வேலை போயிடுமா?" என்றான்.

"போகலாம். கேசுகூட வரலாம்."

"அப்ப ஆபீஸ்ல சொல்ற வரைக்கும் பொறு. நீயா போய் மாட்டிக்காத." பிரியத்தில்தான் சொன்னான். வெளியில் ஒரு மேலாளர், வீட்டில் ஒரு கணவன், இரண்டு பேரும் பொறு என்கிறார்கள். அவளுக்கு இதைவிட என்ன சப்பைக்கட்டு வேண்டும்? நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்தாள். மறுநாளும் அதையே சொல்லிக்கொண்டாள். அதற்கு மறுநாள் மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு காரணம் தானாகவே வந்து சேர்ந்தது.

பதினோராவது நாள் பாத்துக்கலாம் சார் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். மறுநாள் விசாரணைக் குழுவின் கடைசி அமர்வு. குழு கேட்டால் அவள் இதைப் படிக்க வேண்டும். 'நாலாம் வார்டின் அமைப்பில் ஒரு சிறு வேறுபாடு கவனிக்கப்பட்டு உடனடியாகச் சரிசெய்யப்பட்டது.' அவ்வளவுதான் இருந்தது. எது, எப்போது, யாரால் என்று ஒன்றும் இல்லை. வழவழவென்று அழகாக எழுதியிருந்தார்கள், எங்கே பிடித்தாலும் வழுக்கும்.

தாளோடு அவள் வெளியே வந்தபோது சலவை அறை வாசலில் துணி மடிக்கிற அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "நாலாம் வார்டு சிஸ்டரைப் பாத்தேன். ஆளே உருக்குலைஞ்சு போச்சு. காது டாக்டர்கிட்ட மூணு தடவை போயிருக்காம். காது நல்லாத்தான் இருக்குன்னு அவர் சொல்றாராம், அந்தம்மா நம்பவே மாட்டேங்குதாம்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். சிஸ்டருக்கு வேலை போகும், பென்ஷன் போகும் என்பதெல்லாம் அவளுக்கு முன்பே தெரியும். ஒரு மனுஷி தன் காதையே சந்தேகப்பட்டுக்கொண்டு ஊரில் நடமாடுகிறாள் என்பது தெரியாது. மதியம் மூன்று மணிக்கு யாரிடமும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சிஸ்டர் வீடு மூன்று தெரு தள்ளி, ஒரு குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருந்தது. படிக்கட்டில் சாய்த்து வைத்த சைக்கிள்களை விலக்கிக்கொண்டு மேலே ஏறினாள். கதவைத் தட்டக் கையை ஓங்கியபோது உள்ளே போன் மணி அடித்தது. உடனே நின்றது. எங்கோ உள்ளிருந்து ஒரு ஆண் குரல், களைத்துப் போய், "கேட்டுச்சா?" என்றது.

"கேட்டுச்சு" என்றது சிஸ்டரின் குரல். "இன்னும் தள்ளிப் போங்க. பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு அங்கேர்ந்து அடிங்க."

"காலையிலேர்ந்து இதோட முப்பது தடவை ஆச்சும்மா."

"இன்னொரு தடவை."

மறுபடியும் மணி அடித்தது. அவளால் அதற்கு மேல் கேட்க முடியவில்லை. கதவைத் தட்டினாள்.

சிஸ்டர் திறந்தார். கையில் குழாயைத் திறந்துவிட்டு வந்த ஈரம். சமையலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம். வார்டில் புண் கழுவும்போது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது அல்லவா, அதையும் வைத்துத்தான் சோதித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அடடே, நீயா? வா வா, உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். என்னால உனக்கு ஏதாவது கெட்ட பேர் வந்துச்சா? நான்தான் குறைக்கச் சொன்னேன்னு தெளிவா சொல்லிட்டேன். நீ பயப்படாத."

அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டோம் என்று தெரிந்தது. "சிஸ்டர், போன் அடிக்கல."

"என்ன?"

"அன்னைக்கு உங்க போன் அடிக்கவே இல்ல. அடிச்சிருக்கவே முடியாது. நான் சத்தத்தைக் குறைச்சு ஒரு வரி எழுதினேன்ல, அது மத்த அஞ்சு வரியையும் அழிச்சிடுச்சு. உங்க நம்பரும் அதுலதான் இருந்தது. டாக்டர் நம்பரும். நான் பாக்கல. உங்க காதுல ஒரு குறையும் இல்ல சிஸ்டர்."

சிஸ்டர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு உள்ளே திரும்பி, "என்னங்க, போதும் வெளிய வாங்க" என்று கூப்பிட்டார். "அடிக்கவே இல்லையாம்." கணவர் கையில் போனோடு வந்து, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். சிஸ்டர் இரண்டு கையாலும் தன் காதுகளைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கணவர் போய் மூடிவிட்டு வந்தார்.

அவளுக்கும் அழுகை வந்தது. தனக்கு அழ உரிமை இல்லை என்று பட்டதால் விழுங்கினாள்.

கொஞ்ச நேரம் கழித்து சிஸ்டர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிம்மா. வந்து சொன்னியே, அதுவே பெரிசு. எப்பத் தெரிஞ்சுது உனக்கு? இன்னைக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"பதினோரு நாள் ஆச்சு சிஸ்டர்."

சிஸ்டர் அவளையே பார்த்தார். எண்ணுகிறார் என்று தெரிந்தது. காது டாக்டரிடம் போன மூன்று தடவையும், கணவரைக் கதவுக்குக் கதவு நிற்கவைத்து அடிக்கச் சொன்ன மணிகளும் எல்லாம் அந்தக் கணக்கில் வந்திருக்க வேண்டும். அவர் பேசியபோது 'நீ' போய் 'நீங்க' வந்திருந்தது.

"ஒரு வரி எழுதினா அஞ்சு வரி போகும்னு உங்களுக்குத் தெரியல. தெரியாம நடந்தது. ஆஸ்பத்திரியில வேலை பாக்கற யாருக்கு அது நடக்கல? எனக்கும் நடந்திருக்கு. அதை நான் கேக்க மாட்டேன். ஆனா இந்தப் பதினோரு நாளும் உங்களுக்குத் தெரிஞ்சேதான் நடந்தது."

சிஸ்டர் கணவர் கையிலிருந்த போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு ரெண்டையும் சொல்லுங்க. அந்த வரியை மட்டும் சொல்லிட்டுத் தப்பிச்சுக்காதீங்க. எனக்காக இல்ல. அந்த டிரைவரோட சம்சாரம் வருவாங்க. அவங்களுக்கு முழுசும் தெரியணும்."

"சொல்றேன் சிஸ்டர்."

சிஸ்டர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். அடித்துச் சாத்தவில்லை. அவள் படியில் இறங்கி முடிக்கும்வரை திறந்தபடியே இருந்தது, அதுதான் அவளுக்கு இன்னும் கனமாக இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், நீள மேசை போட்ட அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நடுவில் குழுத் தலைவர், பக்கத்தில் இருவர். ஒரு பக்கம் சிஸ்டரும் கணவரும். எதிரில், கைப்பையை மடியில் இறுகப் பிடித்தபடி, டிரைவரின் மனைவி. பாத்துக்கலாம் சார் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தாளை அவள் முன்னால் நேராக நகர்த்தி வைத்தார். அவள் முறை வந்ததும் அதை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். சார் மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது.

பொது ஃபைல், வார்டு ஃபைல், ஆறு வரி, ஒரு வரி. எல்லாவற்றையும் வீட்டுப் பேச்சில் சொன்னாள். 'சேர்' என்ற வரி விடுபட்ட பட்டியலைத் தான் எழுதியதைச் சொன்னாள். அழியப்போவதைக் கம்ப்யூட்டர் காட்டியும் தான் நகர்த்திப் பார்க்காததைச் சொன்னாள். "அன்னைக்கு சிஸ்டர் போனுக்கு அழைப்பே போகலைங்க. சரியா இயங்குச்சுன்னு எங்க ஆபீஸ் எழுதிக் குடுத்தது தப்பு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். குறுக்கே இரண்டு கேள்வி கேட்டார். அவள் பதில் சொன்னாள். "நல்லது. தானாக முன்வந்து சொன்னதுக்கு நன்றி. உட்காருங்க" என்றார். எப்போது தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் சார் அவள் புடவை நுனியை இழுக்காத குறையாக நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்திருந்தால் தானாக முன்வந்தவள் என்றே குழுவின் அறிக்கையில் பதிவாகியிருக்கும்.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க" என்றாள். "இது எனக்குத் தெரிஞ்சு பன்னெண்டு நாள் ஆச்சு. தெரிஞ்ச அன்னைக்கே சொல்லியிருக்கணும். வேலை போயிடும்னு பயந்துக்கிட்டு சொல்லல. வாயைத் திறக்காதேன்னு சொன்னாங்க, அது எனக்கு வசதியா இருந்துச்சு. அத்தனை நாளும் சிஸ்டர் தன் காதுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தாங்க."

தலைவர் பக்கத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது.

டிரைவரின் மனைவி வாயைத் திறந்தார். யாரைக் கேட்பது என்று தெரியாமல் பொதுவாகக் கேட்டார். "இந்த ஃபைலு, வரி எல்லாம் எனக்குப் புரியலைங்க. அந்த போன் அடிச்சிருந்தா இவங்க வந்திருப்பாங்களா?"

"வந்திருப்பேம்மா" என்றார் சிஸ்டர். "கட்டுப் போடறதை அப்படியே விட்டுட்டு வந்திருப்பேன். கதவுலேர்ந்து அவர் கட்டிலுக்கு இருபது அடிதான்."

அந்த அம்மா தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "ஒன்றரை மாசமா தினமும் காலையில எழுந்ததும் உங்களைத்தான் சபிச்சேன் சிஸ்டர்" என்றார். "பல்லு தேய்க்கறதுக்கு முன்னாடி அதான் என் வேலை. உங்க குடும்பம் விளங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். உங்க பிள்ளைங்களையும் சொல்லியிருக்கேன். இன்னைக்குக் காலையிலகூட சொல்லிட்டுத்தான் வந்தேன்."

சிஸ்டர் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றார். அந்த அம்மா சிஸ்டரின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதார். தலைவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். சார் கைக்குட்டையைத் தேடினார்.

அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிஸ்டரின் கையை விடாமலே, டிரைவரின் மனைவி தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அவளும் குனியவில்லை. அந்தப் பார்வை அவளுக்கு வரவேண்டியது, பன்னிரண்டு நாள் தாமதமாக வந்திருந்தது.